இருபது என்று எழுதிய வட்டுகள்

ஊரில் அவளை எண்பது என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எண்பது அக்கா, அவர்களைப் பெற்றவர்களுக்கு வெறும் எண்பது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் படுத்திருக்கும் பெரியவர்கள் மட்டும் விவரம் தெரியாமல், "உனக்கு அம்பது வயசுகூட ஆகலையேம்மா, எதுக்கு எண்பதுன்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்பார்கள்.

"வயசு இல்லீங்க ஐயா, எடை."

"அவ்வளவு எடை இருக்கிற ஆளாத் தெரியலையே!"

அதற்கு மேல் அவள் விளக்க மாட்டாள். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அது அவள் உடம்பின் எடை அல்ல, பத்தொன்பது வயதில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த எடை. அதைச் சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பஸ் திரும்பிப் போவதற்காகவே உண்டானது போன்ற ஊர் அது. அதற்கு அப்பால் சாலை கிடையாது. அவளுடைய அப்பா கிணற்றுக்கு சிமெண்ட் உறை வார்ப்பவர். உறைக்காரர் என்றால் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் வார்த்த உறை விரிசல் விட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. கலவையில் ஒரு சட்டி மணல் கூடிவிட்டால்கூட மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "வாயில ஒரு பொய்யும் வராது, கையில ஒரு பொய்யும் வராது" என்று ஊரே சொல்லும். பாராட்டாகச் சொல்பவர்களும் உண்டு, எரிச்சலில் சொல்பவர்களும் உண்டு.

அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் அவளுடைய செருப்பு ஒன்று கிணற்று மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து நகர்த்தும் மூடி. அப்பா வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. காலை அகட்டி வைத்து, மூடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, செருப்பைக் காலாலேயே வெளியே தள்ளிவிட்டு, மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அந்த வழியாகச் சைக்கிளில் போன பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் இறங்கி நின்றுவிட்டார்.

"உறைக்காரரே, இந்தப் பொண்ணை வீட்டுல வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஏன் சார், ஏதாவது உடைச்சிட்டாளா?"

"இனிமேத்தான் உடைக்கப் போறா, சாதனையை!"

அப்படித்தான் ஆரம்பித்தது. பளு தூக்கும் இரும்பு வட்டுகள் அந்த ஊருக்குக் கனவிலும் வராது. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். கிணற்று மூடிக்கான சின்ன அச்சில் சிமெண்ட் ஊற்றி, நடுவில் குழாய் செருகி, வட்டுகளாக வார்த்தார். ஐந்து, பத்து, இருபது. ஒவ்வொன்றையும் வெயிலில் பதினைந்து நாள் காய வைத்து, பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போய் எடை போட்டார். ஊரில் இருந்த பெரிய தராசு அது ஒன்றுதான். கனம் கூடியிருந்தால் உளியால் செதுக்கினார், குறைந்தால் பூசினார். முள் சரியாக இருபதில் நின்ற பிறகுதான் சிவப்புப் பெயிண்டில் இருபது என்று எழுதினார். தண்டுக்கு ஒரு பழைய இரும்புக் குழாய். அதற்கும் அதே தராசு.

பழைய இரும்புக் கடைக்காரரைப் பற்றி ஊரில் கேலி பேசாதவர் கிடையாது. எடை போட்டுப் பொருள் வாங்குகிறவரின் தராசு எப்படி இருக்கும்? "அந்தத் தராசுல யானையைக் கட்டினாலும் குட்டின்னுதான் காட்டும்" என்பார்கள். அவர் செத்து, நான்கு பேர் தோளில் தூக்கிப் போனபோதுகூட, "ஊர்ப் பொருளையெல்லாம் குறைச்சுக் காட்டின ஆளு, இவரு மட்டும் ஏன்டா இந்தக் கனம் கனக்குறாரு?" என்று முன்னால் போனவன் முனகியதில் பின்னால் போனவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். இத்தனை பேசிய ஊரில், உறைக்காரர் வட்டுகளை எங்கே எடை போட்டார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உறைக்காரரும் யோசிக்கவில்லை. அவர் அந்தக் கடையில் எதையும் விற்றதில்லை. தான் பொய் சொல்லாதவர் என்பதால், முள்ளும் பொய் சொல்லும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

உறை காய வைக்கும் கொட்டகையில்தான் பயிற்சி. காலையில் பள்ளிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். தலைக்கு மேல் தூக்கிய பிறகு அப்பா மூன்று எண்ணுவார். மூன்று எண்ணும்வரை கை மடங்காமல் நின்றால்தான் கணக்கு. சுவரில் கரிக்கட்டியால் எழுதுவார். நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது.

பக்கத்து நகரத்தில் நடந்த போட்டிக்கு முதல் முறை போனபோது அவள் இரும்பைத் தொட்டாள். கொட்டகையில் எழுபத்தைந்தைத் தாண்டாதவள், மேடையில் எண்பத்தைந்தைத் தூக்கினாள். முதல் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில், "எப்படிப்பா வந்துச்சு? எனக்கே தெரியலையே!" என்றாள்.

"கூட்டம் கத்துதுல்ல அம்மாடி. பாதியைக் கூட்டம் தூக்கும்."

அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது தலைநகரத்தில் இருந்த பயிற்சி முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே சேர்ந்துவிட்டால் நாட்டுக்காக வெளிநாடு போகலாம். போட்டியில் தூக்கியது வேண்டாம், அன்றாடப் பயிற்சியில் தூக்கும் எடையைப் பயிற்சியாளர் கையெழுத்தோடு எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தொண்ணூறு இருந்தால்தான் எடுப்பார்கள் என்று வாத்தியார் விசாரித்து வந்து சொன்னார். அப்போது சுவரில் இருந்தது எண்பது.

"தொண்ணூறுன்னு போடுங்க. எல்லாரும் கூட்டித்தான் எழுதுறான். அங்க போய்ப் பத்து நாள் நல்லாச் சாப்பிட்டா தொண்ணூறு தானா வந்துடும்" என்றார் வாத்தியார்.

"தூக்காததைத் தூக்கினதா எழுதச் சொல்றீங்களா சார்?"

"ஊரோட ஒத்து வாழ மாட்டீங்களா நீங்க?"

"ஊருக்கு உறை வார்த்துக் குடுக்கிறேன், பொய் வார்த்துக் குடுக்க மாட்டேன்."

எண்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எடை போதாது. மூன்று மாதத்தில் தொண்ணூறைத் தொட்டால் மறுபடி எழுதலாம்.

அந்த மூன்று மாதமும் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு காலை, கொட்டகையில் அப்பாவும் வாத்தியாரும் நிற்க, தண்டில் தொண்ணூறு ஏற்றினார்கள். மார்புவரை வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு தலைக்கு மேல் தள்ளினாள். கை நிமிர்ந்தது. "ஒண்ணு" என்றார் அப்பா. "ரெண்டு" என்றார். மூன்று என்பதற்குள் அவள் இடுப்பில் பச்சைக் கிளை முறிவது போல ஒரு சத்தம். அதை அவள் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டாள். வட்டுகள் விழுந்து ஒன்று தெறித்து உடைந்தது. அவளும் விழுந்தாள்.

ஐந்து மாதம் படுக்கை. எழுந்தபோது இடது கால் பாதி நேரம் மரத்துப்போயிருந்தது. அப்பா பெரிய வட்டுகளைச் சாக்குப் போட்டு மூடினார். சுவரில் தொண்ணூறை எழுதவில்லை. மூன்று எண்ணவில்லையே! எண்பது என்ற எண்ணைக் கரியிலிருந்து பெயிண்டுக்கு மாற்றினார், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சுகள் வந்தன. இடுப்பு ஒடிந்தவள் என்ற பேச்சு அவற்றுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கும் தூக்கி மாற்றுகிற வேலை. வேறு வேலை அங்கே காலியாக இல்லை. இடுப்பில் அகலப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகத் தூக்குகிறாள்.

"வலிக்குதா அம்மாடி?" என்று அப்பா எப்போதாவது கேட்பார்.

"அதெல்லாம் எப்பவோ போச்சுப்பா."

அவருக்கும் ஒரு ஆறுதல் தேவைப்பட்டது. "பத்து கிலோ எட்டல. அதுக்காகப் பொய்யெழுதி அனுப்பியிருந்தா, அங்க போய் ஒடிஞ்சிருப்பே" என்பார். அவள் தலையாட்டுவாள். அவள் மனதிலும் அப்படித்தான் பதிந்திருந்தது. பத்து கிலோ எட்டாத ஆள் தான் என்று.

இப்போது போன வருடத்துக்கு வருவோம். அந்த ஊர்த் தையற்காரரின் மகள் வெளிநாட்டில் பளு தூக்கிப் பதக்கம் வாங்கிவிட்டாள். உறைக்காரரின் கொட்டகையில் சின்ன வட்டுகளோடு ஒரு வருடம் விளையாடிவிட்டு, பன்னிரண்டு வயதிலேயே நகரத்து விடுதிக்குப் போன பெண். ஊர் தலைகால் புரியாமல் குதித்தது. பள்ளி மண்டபத்தில் பாராட்டு விழா. உறைக்காரர்தான் மேடையின் நாயகர். கொட்டகையின் பழைய சிமெண்ட் வட்டுகளை மண்டபத்தில் கண்ணாடி மேசைக்குள் நிரந்தரமாக வைப்பது என்று முடிவானது. மேசை செய்யும் வேலை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தச்சனிடம் வந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் தச்சன் அவளைத் தேடி வார்டுக்கே வந்துவிட்டான். கையில் இருபது என்று எழுதிய வட்டு.

"அக்கா, இந்த மாதிரி எத்தனை வைக்கப் போறாங்க? பலகை தாங்கணும்ல."

"இருபதுல மூணு இருக்கு. நாலாவது உடைஞ்சிருச்சு. அறுபது கிலோன்னு வச்சுக்கோயேன்."

"எங்கிட்டயேவா? தினமும் இருபது கிலோ ஆணிப்பெட்டி தூக்குறவன்க்கா நான். இது இருபது இல்ல."

"எங்கப்பா எழுதினது. குறையாது, கூடாது."

"பந்தயமா? நான் தோத்தா உங்க வார்டு ஸ்டூல் எல்லாத்துக்கும் கால் போட்டுத் தர்றேன். எல்லாம் ஆடுது."

வெளி நோயாளிகள் பிரிவில் ஆட்களை நிறுத்தி எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. வருடம் தவறாமல் அதிகாரிகள் வந்து சரிபார்த்து முத்திரை வைத்துப் போவார்கள். அதன்மேல் தச்சன் வட்டை வைத்தான். இருபத்து மூன்று. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். இருபத்து மூன்று.

"ஸ்டூலுக்குக் கால் கிடையாது" என்றான் தச்சன் உற்சாகமாக.

அவள் கணக்குப் போட்டாள். இருபதுக்கு மூன்று. அப்படியென்றால் எண்பதுக்குப் பன்னிரண்டு. எண்பது, தொண்ணூற்றிரண்டு. முகாம் கேட்டது தொண்ணூறு. அவள் விரல்கள் பட்டையின் கொக்கியில் நின்றுவிட்டன. தொண்ணூறுக்கு? பதின்மூன்றரை. அன்று காலை அவள் தலைக்கு மேல் நின்றது நூற்று மூன்றரைக் கிலோ. அப்போது நாட்டில் அவள் பிரிவில் எந்தப் பெண்ணும் நூறைத் தொட்டதில்லை. வாத்தியார் அந்தப் பட்டியலைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக் கொட்டகையில் ஒட்டி வைத்திருந்ததால் அவளுக்கு அது மனப்பாடம்.

துணி அறைக்குள் போய், மடித்து வைத்த போர்வைகள்மேல் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. எழுந்து வார்டு வார்டாகப் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் எட்டாத ஆள் இல்லை, எட்டித் தாண்டின ஆள். அந்தச் சந்தோஷம் ஒரு கால்மணி நேரம் இருந்தது. அப்புறம் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் அந்த மனிதர் பிடித்துக்கொண்டு நடந்தது ஒரே ஒரு கைத்தடியைத்தான்: நான் உள்ளதை எழுதினேன். அதைப் பிடுங்கிவிட்டால்? மகளை முகாமுக்குப் போகவிடாமல் செய்ததும் தன் கைதான், அவள் இடுப்பை ஒடித்ததும் தன் கைதான் என்று இந்த எழுபத்தாறு வயதில் அவர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வெளியே வந்து தச்சனின் கையைப் பிடித்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே. எங்கப்பா காதுக்குப் போகக் கூடாது."

"என்னக்கா நீ! நீ எவ்வளவு பெரிய ஆளுன்னு இப்பத்தானே தெரியுது!"

"எனக்குத் தெரிஞ்சாப் போதும். சத்தியம் பண்ணு."

பண்ணினான். ஆனால் நல்ல மனசுக்காரன் வாயில் ரகசியம் நிற்காது. இத்தனை பெரிய விஷயத்தை மறைத்து வைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மேசையை இறக்கி வைக்கும்போது, இப்போதிருக்கும் புது விளையாட்டு வாத்தியாரிடம் சொல்லிவிட்டான். அவளுடைய பெயரையும் சேர்த்துத்தான் சொன்னான். வாத்தியாருக்கு எது தேவையோ அதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

விழா காலை பத்து மணிக்கு. மண்டபம் கொள்ளாத கூட்டம். மேடையில் பதக்கம் வாங்கிய பெண், விளையாட்டுத் துறை அதிகாரி, நடுவில் சலவைச் சட்டையில் அப்பா. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் கொட்டகையோட ரகசியத்தை இன்னைக்கு உடைக்கப் போறேன்! இந்த வட்டுல என்ன எழுதியிருக்கு? இருபது. உண்மையில எவ்வளவு? இருபத்து மூணு! ஐயா வேணும்னே கூட வச்சு வார்த்திருக்காரு. கனமானதைத் தூக்கிப் பழகினா இரும்பு பஞ்சா இருக்கும்ல! எந்தக் காலேஜ்ல படிச்சாரு இதை? எந்த வெளிநாட்டுக்காரன் சொல்லிக் குடுத்தான்?"

கைத்தட்டல் ஓய வெகு நேரமானது. அவள் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையில் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனது. ஒரு கிணற்றுக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போடும்போது அவர் அப்படித்தான் செய்வார். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொட்டுப் போனது. பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் அவளைத் தேடினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

அவர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். "நான் தெரிஞ்சு செய்யலீங்க" என்றார்.

"பாருங்க அடக்கத்தை!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடி கைத்தட்டல்.

"அடக்கம் இல்லீங்க. தராசு தப்பு. நான் சரியாப் பாக்கல."

இப்போது சிரிப்பு. பழைய இரும்புக் கடைக்காரரை அறிந்த வயதானவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எம்பொண்ணு..." என்று ஆரம்பித்தார். அதிகாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா. வாத்தியார் பணிவாக அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு, கேடயத்தைக் கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். அவளுடைய பெயரை யாரும் சொல்லவில்லை.

வாசலில் தச்சன் நின்றிருந்தான். "உனக்காகத்தான்க்கா சொன்னேன். உன் பேரைச் சொல்லுவாருன்னு நெனச்சேன்."

"தெரியும்பா" என்றாள். அவனைத் திட்டவும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு வாரமாத் தெரியும்."

"எண்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேனே."

"நீங்க பொய் எழுதலப்பா. உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே எழுதினீங்க."

"பொய்தான் எழுதியிருக்கேன். பன்னெண்டு கிலோ பொய். கூட்டி எழுதினாத்தான் பொய்யா? அந்த வாத்தியார் எழுதச் சொன்ன பொய்தான் உண்மைக்குப் பக்கத்துல இருந்திருக்கு."

அவள் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு நூத்தி மூணரை."

"ஆமாப்பா."

"நான் ரெண்டுதான் எண்ணினேன்."

"ரெண்டு எண்ணுற வரைக்கும் நின்னேன்ல, விடுங்க."

அவர் அவள் இடுப்பைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார், "வலிக்குதா?"

அதெல்லாம் எப்பவோ போச்சுப்பா என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் அன்று ஏற்கெனவே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தார். இன்னொன்றை அவர்மேல் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"வலிக்குதுப்பா. தினமும் வலிக்குது."

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார், கடைக்காரர் எடை சொல்லும்போது ஒப்புக்கொள்வதுபோல.

அப்பாவுக்கு முழங்கால் இரண்டும் போய் நாலைந்து வருடமாகிறது. தினமும் காலையில் அவள்தான் அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்துக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவாள். அது அவளுக்கு வேலைக்குப் போகுமுன் செய்கிற முதல் வேலை. விழாவுக்கு மறுநாள் காலை அவள் குனிந்தபோது, அவர் அவள் கையைத் தள்ளிவிட்டார்.

"நீ தூக்காதே."

"பின்ன எப்படிப்பா எந்திரிப்பீங்க?"

"எந்திரிப்பேன். நீ தூக்காதே."

ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னார். அதைப் பிடித்து இழுத்து இழுத்து எழுகிறார். சில நாள் கால்மணி நேரம் ஆகிறது. சில நாள் பாதியில் கைவிட்டுப் பின்னால் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிறார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது. அவள் பட்டையைக் கட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டாலும், கதவோரத்தில் நிற்கிறாள். ஓரடி எடுத்து வைத்தால், "அங்கயே நில்லு" என்கிறார். அவள் அங்கேயே நிற்கிறாள்.